நோயின் பெயர் தெரியும் முன்பே பிள்ளையைப் பார்த்துக்கொள்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

எங்கள் பையனுக்கு இப்போது ஆறு வயது. அவனுக்குக் கழுத்து நிற்கவே ஒன்பது மாதம் ஆனது. உட்கார்ந்தது இரண்டு வயது தாண்டி. அவனுக்கு என்ன நோய் என்று ஒரே வார்த்தையில் சொல்ல இன்றுவரை எந்த டாக்டராலும் முடியவில்லை. ஐந்து வயதுவரை ஒவ்வொரு ஓபி சீட்டிலும் ஒரே வரிதான் இருந்தது: குளோபல் டெவலப்மென்டல் டிலே, அதாவது பரவலான வளர்ச்சித் தாமதம்.

அந்த வரியைப் பார்த்துவிட்டு நோயைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று முதலில் நினைத்துக்கொண்டேன். அது நோயின் பெயரே இல்லை. ஐந்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தை உடல் அசைவு, பேச்சு, புரிதல், பழகுதல் போன்றவற்றில் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்டவற்றில் நன்றாகப் பின்தங்கியிருந்தால் அப்படி எழுதுவார்கள். என்ன நடக்கிறது என்பதைச் சொல்லும் வார்த்தை அது. ஏன் நடக்கிறது என்பதற்குப் பதில் அதில் இருக்காது.

அந்த 'ஏன்' என்பதற்குப் பதில் கிடைக்க வருடக்கணக்காகலாம், சில பிள்ளைகளுக்குக் கிடைக்காமலே போகலாம். ஆனால் சாப்பாடு, மூச்சு, தூக்கம், அசைவு, பேச்சு என்று பிள்ளைக்குத் தேவையான எதுவும் அந்தப் பெயருக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. இது எனக்குப் புரிய இரண்டு வருடம் ஆனது. உங்களுக்கு அவ்வளவு நாள் ஆக வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் வேலை: ஒரு நோட்டு வாங்குங்கள்

80 பக்கக் கோடு போட்ட நோட்டு போதும். தினமும் எழுத வேண்டும் என்றில்லை. வழக்கத்துக்கு மாறாக ஏதாவது கண்ணில் பட்டால் தேதி, நேரம், என்ன நடந்தது, அதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தான், எவ்வளவு நேரம் நீடித்தது என்று எழுதுங்கள். 'சரியாகச் சாப்பிடவில்லை' என்று எழுதினால் டாக்டருக்கு ஒன்றும் புரியாது. 'அரை இட்லி சாப்பிட 40 நிமிடம் ஆனது, நடுவில் இரண்டு முறை ஓங்கரித்தான்' என்று எழுதினால் புரியும்.

என் நோட்டில் இருந்து ஒரு பதிவு: 'மார்ச் 4. காலை 7.10. டம்ளரில் தண்ணீர். மூன்றாவது மடக்கில் இருமல். கண் கலங்கியது. கஞ்சி குடித்தபோது இருமல் இல்லை.' அந்த மாதத்தில் மட்டும் இதே மாதிரி நான்கு பதிவுகள் இருந்தன. எழுதியபோது நானே அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அப்போது பையனுக்கு இரண்டரை வயது. ஒரே வருடத்தில் மூன்று முறை நிமோனியா வந்து அட்மிட் செய்திருந்தோம். ஒவ்வொரு முறையும் ஆன்டிபயாட்டிக், நெபுலைசர், ஐந்து நாள் வார்டு, அப்புறம் வீடு. தலைக்கு ஊற்றியதால்தான் சளி என்றார்கள் வீட்டில். சளி பிடித்த உடம்பு என்றார்கள் தெருவில். பேச்சு வரவில்லையே என்று ஸ்பீச் தெரபிஸ்டிடம் போனபோது, அவர் பேச்சைப் பற்றிக் கேட்கும் முன் நோட்டை வாங்கிப் படித்தார். அந்த நான்கு பதிவுகளையும் பென்சிலால் வட்டமிட்டார். "அவன் தண்ணி குடிக்கிறத நான் பாக்கணும்மா" என்றார். டம்ளரில் கொடுத்தோம். மூன்றாவது மடக்கில் இருமல் வந்தது.

தசைகள் தளர்ந்திருக்கும் பிள்ளைகள் பலருக்கு விழுங்கும் வேகமும் மூச்சும் ஒத்துப்போகாது. தண்ணீர் போல வேகமாக ஓடுவது கொஞ்சம் கொஞ்சமாக மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடும். சில பிள்ளைகளுக்கு இருமல்கூட வராது. எக்ஸ்ரேயில் தெரியும் பேரியம் என்ற மருந்து கலந்ததை விழுங்கச் செய்து எக்ஸ்ரே வீடியோ எடுத்தார்கள். விஷயம் உறுதியானது. அதன் பிறகு அவனுக்குக் குடிக்கக் கொடுப்பதெல்லாம் கெட்டியாக, நிமிர்த்தி உட்காரவைத்து, சின்ன ஸ்பூனில். எவ்வளவு கெட்டி என்பதை அந்த ஸ்பீச் தெரபிஸ்ட்தான் ராகிக் கஞ்சியைக் கரண்டியில் எடுத்து ஊற்றிக் காட்டினார். அன்றிலிருந்து நிமோனியாவுக்காக ஒருமுறைகூட அட்மிட் ஆகவில்லை. அவன் நோயின் பெயர் அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. (இதைப் படித்துவிட்டு நீங்களாகவே எதையும் கெட்டியாக்கிக் கொடுக்காதீர்கள். பிள்ளைக்குப் பிள்ளை மாறும், பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.)

நோட்டோடு போன் வீடியோவும் வேண்டும். விநோதமான அசைவு, வெறித்த பார்வை, மூச்சுத் திணறல் எதுவானாலும் எடுத்து வையுங்கள். டாக்டர் முன்னால் பிள்ளை ஒருபோதும் அதைச் செய்யாது. முகமும் கை கால்களும் சேர்ந்து தெரியும்படி 30 விநாடி இருந்தால் போதும்.

எப்போது காத்திருக்கக் கூடாது

பத்து மாதத்தில் நாங்கள் பார்த்த ஒரு டாக்டர், "ஆம்பளப் பிள்ளைங்க கொஞ்சம் லேட்டாத்தான் எல்லாம் செய்வாங்க, ஒண்ணரை வயசுல வாங்க" என்று அனுப்பிவிட்டார். அந்த எட்டு மாதம் எங்களுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. பிள்ளைக்குப் பிள்ளை வேகம் மாறும் என்பது உண்மை. ஆனால் அதற்கும் ஒரு எல்லை உண்டு.

மூன்று மாதம் முடிந்தும் முகம் பார்த்துச் சிரிக்கவில்லை. ஐந்து மாதத்திலும் கழுத்து நிற்கவில்லை. ஒன்பது மாதத்தில் பிடிக்காமல் உட்காரவில்லை. ஒரு வயதில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை. ஒன்றரை வயதில் நடக்கவில்லை, அல்லது அர்த்தமுள்ள ஒரு வார்த்தைகூட இல்லை. இரண்டு வயதில் 'அம்மா வா' போல இரண்டு வார்த்தை சேர்த்துச் சொல்லவில்லை. இதில் ஏதாவது ஒன்று இருந்தாலே காட்டிவிடுங்கள். குறைமாதத்தில் பிறந்த பிள்ளை என்றால் பிறந்த தேதியிலிருந்து எண்ணாமல், பிறந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து எண்ணுங்கள். இரண்டு வயதுவரை அப்படித்தான் கணக்கு.

அதிகம் பேர் கவனிக்காத ஒன்று: ஒரு வயதுக்கு முன்பே பிள்ளை ஒரு கையை மட்டும் பயன்படுத்தினால் 'நொட்டாங்கை' என்று சிரித்துவிட்டுப் போகாதீர்கள். அந்த வயதில் இரண்டு கையும் சமமாக வேலை செய்ய வேண்டும். ஒரு கையை ஒதுக்கினால் அந்தப் பக்கம் பலம் குறைவாக இருக்கலாம்.

இரண்டு விஷயங்களுக்கு அவசரமாக ஓட வேண்டும். முன்பு செய்துகொண்டிருந்ததைப் பிள்ளை மறப்பது முதலாவது. சொன்ன வார்த்தை போய்விட்டது, உட்கார்ந்த பிள்ளை சாய்கிறது என்றால் அது எந்த வயதிலும் நல்லதல்ல. இரண்டாவது, தூங்கி எழுந்ததும் கைகளை விரித்து உடம்பை முன்னால் மடக்கி மடக்கி அடுக்கடுக்காகக் குலுங்குவது. பெரும்பாலும் மூன்று மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் வரும். பார்த்தால் பயந்து திடுக்கிடுவது போலவோ வயிற்றுவலி போலவோ இருக்கும். 'உரம் விழுந்திருக்கு' என்று முறத்தில் போட்டுப் புரட்ட எடுத்துப்போகிறார்கள். அது குழந்தைகளுக்கு வரும் ஒருவகை வலிப்பு. மாத்திரையும் ஊசியும் இருக்கின்றன, ஆனால் எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறோமோ அவ்வளவு மூளை தப்பிக்கும். வீடியோ எடுத்துக்கொண்டு அன்றைக்கே போங்கள், மூளை அலைகளைப் பதிவு செய்யும் இஇஜி டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்கள்.

யாரிடம் போவது

கையில் இருக்கும் தாய் சேய் நல அட்டையில் எடை வரைபடமும் வளர்ச்சிப் படிகளும் அச்சிட்டிருக்கும். அதை எடுத்துக்கொண்டு முதலில் கிராம சுகாதார செவிலியரிடமோ அங்கன்வாடியிலோ சந்தேகத்தைச் சொல்லுங்கள். 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில், பிறந்ததிலிருந்து 18 வயதுவரை பிறவிக் குறை, நோய், சத்துக்குறைவு, வளர்ச்சித் தாமதம் நான்கையும் இலவசமாகப் பரிசோதிக்கிறார்கள். அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வரும் மருத்துவக் குழு அந்தத் திட்டத்தைச் சேர்ந்ததுதான். அவர்கள் சந்தேகப்பட்டால் மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். குழந்தை மருத்துவர், பிசியோ, ஸ்பீச் தெரபி, காது, கண், பல், மனநலம் எல்லாம் ஒரே கூரையின் கீழ் கிடைக்க வேண்டும் என்பதற்காக ஏற்பட்ட மையம் அது. அனுப்பும்வரை காத்திருக்காமல் நீங்களே பெரிய அரசு மருத்துவமனையில் அதைக் கேட்டுப் போகலாம்.

அதைத் தாண்டி வேண்டும் என்றால் சென்னை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை, கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் உள்ள பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம், வேலூர் சிஎம்சியின் குழந்தை வளர்ச்சிப் பிரிவு. முட்டுக்காட்டில் நோயின் பெயர் தெரியாத பிள்ளைக்கும் தெரபி ஆரம்பிப்பார்கள்.

ஒரு டாக்டர் மட்டும் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், இது முக்கியம். எலும்புக்கு ஒருவர், மூளைக்கு ஒருவர், நுரையீரலுக்கு ஒருவர் என்று போனால் நடுவில் பிள்ளை காணாமல் போய்விடும். பக்கத்தில் இருக்கும் பொறுமையான ஒரு குழந்தை மருத்துவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். எங்கே போய் வந்தாலும் ரிப்போர்ட்டைக் கடைசியில் அவரிடம் காட்டுங்கள்.

முதலில் எதைத் தேட வேண்டும்

அரிய நோயைத் தேடும் முன், சரிசெய்யக்கூடியதைத் தேட வேண்டும். ஒவ்வொரு டாக்டரிடமும் நீங்கள் தைரியமாகக் கேட்கக்கூடிய வரிசை இது.

காது. கூப்பிட்டால் திரும்பாத பிள்ளைக்கு ஆட்டிசமா என்று கேட்கும் முன் காது கேட்கிறதா என்று தெரிய வேண்டும். தட்டைத் தட்டிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சத்தம் மூளைவரை போகிறதா என்று பிள்ளை தூங்கும்போது எடுத்துப் பார்க்கும் பெரா டெஸ்ட்தான் சரி. பிறந்து ஒரு மாதத்துக்குள் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி, ஆறு மாதத்துக்குள் காது மிஷின் என்பதுதான் உலகெங்கும் சொல்லப்படும் கணக்கு. கொஞ்சம் தாமதமாகிவிட்டதென்றாலும் விடாதீர்கள்.

கண். அப்புறம் ரத்தத்தில் தைராய்டு, ஹீமோகுளோபின், பி12. பிறவித் தைராய்டு குறைவுக்கு ஒரு சின்ன மாத்திரைதான் மருந்து, பிறந்த சில வாரங்களில் தொடங்கினால் மூளை வளர்ச்சி பெருமளவு காப்பாற்றப்படும். தாய்க்கு பி12 குறைவாக இருந்து, பிள்ளை தாய்ப்பால் மட்டுமே குடித்தால், ஆறேழு மாதத்தில் சிரிப்பு குறைந்து, தளர்ந்து, விரல் கணுக்கள் கறுத்து, கை நடுங்க ஆரம்பிக்கும். ஊசி போட ஆரம்பித்தால் பிள்ளை தெளிவதைக் கண்ணால் பார்க்கலாம். காரணம் கண்டுபிடிக்கச் சிரமப்பட்ட வீடுகளில் சிலருக்கு இதுதான் பதிலாக இருந்திருக்கிறது.

ஆண்பிள்ளை தாமதமாக நடந்து, தரையிலிருந்து எழும்போது தொடையில் கை ஊன்றி ஏறி எழுந்தால், தசைச் சிதைவு நோயா என்று பார்க்க சிபிகே என்ற ரத்தப் பரிசோதனை கேளுங்கள். அந்த நோயில் கல்லீரல் டெஸ்டிலும் அளவு கூடித் தெரியும். கல்லீரலில் கோளாறு என்று நினைத்து மாதக்கணக்கில் மருந்து சாப்பிட்ட பிள்ளைகள் உண்டு.

16 முதல் 30 மாதப் பிள்ளைகளுக்கு ஆட்டிசத்தின் அறிகுறி உண்டா என்று பார்க்க எம்-சாட் என்று 20 கேள்விகள் கொண்ட ஒரு தாள் உண்டு, தமிழிலும் இருக்கிறது. அதில் அதிக மதிப்பெண் வந்தால் ஆட்டிசம் என்று அர்த்தமில்லை, இன்னும் ஆழமாகப் பார்க்க வேண்டும் என்றுதான் அர்த்தம். யாராவது போனில் அந்தத் தாளை வைத்தே தீர்ப்பு சொன்னால் நம்ப வேண்டாம்.

டாக்டர் அறையில் கிடைக்கும் பத்து நிமிடம்

முந்தின இரவே மூன்று கேள்விகள் எழுதிவையுங்கள். மூன்றுக்கு மேல் வேண்டாம். நான் எப்போதும் கேட்பவை: "இந்த டெஸ்ட்ல என்ன வந்தா, வைத்தியத்துல என்ன மாறும்?", "இப்போ உடனே சரிசெய்யக்கூடியது எது?", "எதைப் பார்த்தா உடனே ஓடி வரணும்?". முதல் கேள்வி நிறையப் பணத்தை மிச்சப்படுத்தியது. எதுவும் மாறாது என்று டாக்டரே சொன்ன டெஸ்டுகளைத் தள்ளிவைத்தோம்.

ஃபைலில் மேலாக ஒரே ஒரு தாள்: பிறந்த எடை, பிறந்ததும் அழுதானா, எத்தனை நாள் இன்குபேட்டர், எந்த மாதத்தில் என்ன செய்தான், வலிப்பு உண்டா, எடுத்த டெஸ்டுகளும் தேதியும், இப்போதைய மருந்து. மற்றதெல்லாம் தேதி வரிசையில் பின்னால். எம்ஆர்ஐ படமும் சிடியும் உங்களிடம் இருக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த ஊரில் மறுபடி மயக்கம் கொடுத்து எடுப்பார்கள். முடிந்தால் வீட்டில் இருந்து இருவர் போங்கள். ஒருவர் பிள்ளையைப் பார்க்க, ஒருவர் கேட்டு எழுத.

மரபணுச் சோதனை

இந்த இடத்தில் வீட்டில் சண்டை வரும். எங்கள் வீட்டில் வந்தது. நாங்கள் சொந்தத்தில் முடித்தவர்கள், அத்தை மகன். டாக்டர் கேட்டபோது மாமியார் முகம் மாறிவிட்டது. யார் பக்கத்து ரத்தம் என்ற பேச்சு ஆரம்பித்தது. ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: சொந்தத்தில் முடித்ததை டாக்டரிடம் மறைக்காதீர்கள். குடும்பத்தில் குழந்தையிலேயே தவறியவர்கள், பேசாதவர்கள், அடிக்கடி கரு கலைந்தவர்கள் யார் யார் என்று பாட்டியிடம் கேட்டு எழுதிக்கொண்டு போங்கள். எங்கே தேடுவது என்று அதுதான் காட்டும். தாய் தகப்பன் இரண்டு பேரும் ஒரே மரபணுவில் மாற்றத்தைச் சுமந்தால்தான் வரும் நோய்களில், ஒருவர் பக்கம் மட்டும் குற்றம் சொல்ல ஒன்றுமே இல்லை.

குரோமோசோம் பரிசோதனை, மைக்ரோஅரே, எக்ஸோம் என்று ஒன்றைவிட ஒன்று நுணுக்கமான மரபணு டெஸ்டுகளாகப் படிப்படியாகப் போவார்கள். பணம் கட்டும் முன் மரபணு ஆலோசகரிடம் உட்கார்ந்து பேசுங்கள். எக்ஸோம் எடுத்தும் விடை கிடைக்காத பிள்ளைகள் நிறைய. எங்களுக்கு வந்தது நடுவாந்தரமான பதில்: ஒரு மாற்றம் இருக்கிறது, அதுதான் காரணமா என்று இப்போது சொல்ல முடியாது. அதை வைத்து இணையத்தில் தேடித் தேடி இரண்டு வாரம் தூங்கவில்லை. தேவையே இல்லாத இரண்டு வாரம். அப்படிப்பட்ட ரிப்போர்ட்டை வைத்து எந்த முடிவும் எடுக்கக் கூடாது. ஓரிரண்டு வருடம் கழித்து அதே தரவை மறுபடி அலசச் சொல்லிக் கேட்கலாம். புதிதாக ரத்தம் எடுக்க வேண்டியதில்லை, இடைப்பட்ட காலத்தில் அறிவியலுக்குத் தெரிந்தது கூடியிருக்கும். அடுத்த குழந்தை பற்றிய யோசனை இருந்தால், கருத்தரிக்கும் முன்பே ஆலோசகரைப் பாருங்கள்.

பட்டியலில் உள்ள அரிய நோய் என்று உறுதியானால், 2021-ஆம் ஆண்டின் தேசிய அரிய நோய்க் கொள்கையின்படி குறிப்பிட்ட மையங்கள் வழியாகச் சிகிச்சைக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவி பெற வழி இருக்கிறது.

தெரபியை இன்றைக்கே தொடங்குங்கள்

பிசியோவோ, கைவேலைப் பயிற்சி தரும் ஆக்குபேஷனல் தெரபியோ, ஸ்பீச்சோ, எதற்கும் நோயின் பெயர் தேவையில்லை. பிள்ளையால் இப்போது என்ன முடியும், அடுத்த படி என்ன என்பது போதும். வாரம் இரண்டு நாள் மையத்தில் கிடைக்கும் அரை மணி நேரத்தைவிட, வீட்டில் மிச்ச நேரம் என்ன செய்கிறோம் என்பதுதான் கணக்கு. அதனால் தெரபிஸ்டிடம் "வீட்டுல செய்ய ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க" என்று கேளுங்கள். பத்து சொன்னால் எதுவும் நடக்காது.

நாங்கள் தனியாக நேரம் ஒதுக்கவில்லை. எண்ணெய் தேய்க்கும்போது கால் நீட்டி மடக்குவது, சட்டை போடும்போது "கை எங்கே?" என்று கேட்டு அவன் தூக்கும்வரை காத்திருப்பது, நான் வெங்காயம் உரிக்கும்போது அவனைப் பக்கத்தில் மூலையில் சாய்த்து உட்காரவைத்து ஒரு தோலைக் கையில் கொடுப்பது. அந்த வெங்காயத் தோலை விரலால் கிள்ளிப் பிடிக்க அவனுக்கு ஐந்து மாதம் ஆனது. பிடித்த அன்று நோட்டில் தேதி எழுதினேன்.

ஊர் சொல்லும் வைத்தியம்

மந்திரித்து, கயிறு கட்டினால் மனதுக்கு ஆறுதல் என்றால் செய்துகொள்ளுங்கள், கெடுதல் இல்லை. ஆனால் விழுங்கச் சிரமப்படும் பிள்ளைக்குத் தொக்கம் எடுக்கக் கூட்டிப்போகாதீர்கள், வசம்போ எண்ணெயோ வாயில் ஊற்றவிடாதீர்கள், நேராக நுரையீரலுக்குப் போகும். வலிப்பு வந்தால் கையில் இரும்பு கொடுப்பதும் வாயில் ஸ்பூன் வைப்பதும் வேண்டாம். ஒருபக்கமாகச் சாய்த்துப் படுக்கவையுங்கள், கடிகாரத்தைப் பாருங்கள், ஐந்து நிமிடம் தாண்டினால் 108.

படித்தவர்களைக் குறிவைக்கும் கூட்டம் வேறு. ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் என்று லட்சக்கணக்கில் கேட்பார்கள். 2022-இல் தேசிய மருத்துவ ஆணையமே அது பரிந்துரைக்கத்தக்கது அல்ல என்று சொல்லிவிட்டது. நகையை அடகு வைத்துப் போனவர்களின் கண்ணீரைக் காத்திருப்புக் கூடத்தில் பார்த்திருக்கிறேன்.

சான்றும் உதவியும்

நோயின் பெயர் இல்லாமல் சான்று கிடைக்காது என்று நினைத்து வருடங்களை விட்டுவிடுகிறார்கள். ஒரு வயது முடிந்த பிள்ளைக்கு வளர்ச்சித் தாமதம் என்ற அளவிலேயே தற்காலிகச் சான்று தர விதி இடம் கொடுக்கிறது, ஐந்து வயதுக்குப் பிறகு மறுபடி பார்ப்பார்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. தனித்துவ அடையாள அட்டைக்கு இணையத்தில் விண்ணப்பித்துவிட்டு, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மருத்துவ முகாம் நாளைக் கேளுங்கள். தமிழ்நாட்டில் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை உண்டு. ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு என்று சான்று இருந்தால் மத்திய அரசின் நிரமயா மருத்துவக் காப்பீட்டில் வருடம் ஒரு லட்சம் வரை கிடைக்கும், அதில் தெரபிச் செலவும் அடங்கும்.

வீட்டில் மற்றவர்கள்

மூத்தவளுக்கு அப்போது ஏழு வயது. "தம்பிக்கு நோய் வந்தது நான் தள்ளினதாலயாம்மா?" என்று ஒருநாள் இருட்டில் கேட்டாள். எப்போதோ அவனைத் தொட்டிலில் வேகமாக ஆட்டியிருக்கிறாள், அதை இரண்டு வருடமாக மனதில் வைத்திருந்திருக்கிறாள். பெரியவர்களிடம் சொல்வதைப் பிள்ளைகளிடமும் சொல்லிவிடுங்கள்: யாராலும் வந்ததில்லை, என்னவென்று டாக்டர்கள் தேடுகிறார்கள், கண்டுபிடித்தால் உனக்கும் சொல்கிறோம். வாரம் ஒரு மணி நேரம் அவளுக்கு மட்டும் என்று ஒதுக்கினோம். அதில் தம்பியைப் பற்றிப் பேச்சே கிடையாது.

தூக்கம் இல்லாமல், பசி இல்லாமல், அழுகை நிற்காமல் இரண்டு வாரம் போனால் உங்களுக்கும் டாக்டர் வேண்டும். பிள்ளையைக் கூட்டிப்போகும் அதே மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கும்.

அங்கன்வாடிக்கு ஒரு பக்கத் தாள்

பள்ளி வயது வந்ததும் கல்வித்துறையின் வட்டார வள மையத்தில் சிறப்பு ஆசிரியரும் பிசியோவும் இருப்பார்கள், போய்ப் பதிந்துவிடுங்கள். அதற்கு முன் அங்கன்வாடியில் விடுவதற்கே நான் பயந்தேன். என்ன நோய் என்று கேட்டால் என்ன சொல்வது?

கடைசியில் ஒரு தாளில் அவனைப் பற்றி எழுதினேன். 'பேச மாட்டான், ஆனால் சொல்வது புரியும். வேண்டும் என்றால் கண்ணால் பார்ப்பான், வேண்டாம் என்றால் முகத்தைத் திருப்புவான். தண்ணீர் அப்படியே கொடுக்கக் கூடாது, கஞ்சிபோல் கெட்டியாக, உட்காரவைத்து, சின்ன ஸ்பூனில். குக்கர் விசில் சத்தத்துக்குப் பயப்படுவான். வலிப்பு வந்தால் ஒருபக்கம் சாய்க்கவும், நேரம் பார்க்கவும், எனக்கு போன் செய்யவும்.' நோய் என்ற வார்த்தை அதில் எங்கும் இல்லை.

முதல் நாள் ஆயாம்மா அந்தத் தாளைச் சுவரில் ஒட்டிவிட்டு இரண்டு முறை படித்தார். என்ன நோய் என்று அவர் கேட்கவே இல்லை. "கஞ்சி எவ்வளவு கெட்டியா இருக்கணும் பாப்பா? ஒருதரம் கரச்சுக் காட்டிட்டுப் போ" என்றார்.